குண்டுவீச்சு விமானத்தின் ஒலிப்பதிவு: மைக்குக்கு எது எட்டியிருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பெர்லின் மீது குண்டு வீசச் சென்ற லங்காஸ்டர் விமானம் ஒன்றுக்குள் பதிவானதாகச் சொல்லப்படும் நான்கு நிமிட ஒலித்துண்டைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அடுத்த வாரமே அதை மறுத்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கேட்கக் கேட்க உடல் சிலிர்க்கிறது, இதை யாரும் நடித்திருக்க முடியாது என்பது கட்டுரையாளரின் வாதம். அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகவே வழியில்லை, ஆகவே இத்தகைய பதிவுகள் அனைத்தும் ஸ்டுடியோவில் செய்யப்பட்டவை என்று கடிதக்காரர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். இருவர் சொன்னதும் சரியல்ல. ஒருவர் தம் மனம் பட்ட பாட்டைச் சான்றாகக் கொண்டுவிட்டார். மற்றவர் நடந்த ஒன்றையே நடக்கவில்லை என்றுவிட்டார். பழைய ஒலித்தட்டுகளை நாடாவுக்கும், பின்னர் கணினிக்கும் படியெடுக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் தந்தால் நன்றியுடையவனாவேன்.

முதலில் கடிதக்காரருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 1943 செப்டம்பர் 3ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் லாங்கர் விமானதளத்திலிருந்து புறப்பட்ட 207ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவின்) லங்காஸ்டர் ஒன்றில், வழக்கமான குழுவினரோடு பிபிசியைச் சேர்ந்த இருவரும் ஏறினார்கள். ஒருவர் வர்ணனையாளர் வின்ஃபோர்டு வாகன் தாமஸ்; மற்றவர் ஒலிப்பதிவாளர் ரெஜினால்டு பிட்ஸ்லி. விமானத்தை ஓட்டியவர் கென் லெட்ஃபோர்டு. பெர்லினுக்குப் போய்த் திரும்பிய அந்தப் பயணத்தில், பறந்துகொண்டிருக்கும்போதே ஒலித்தட்டில் தடம் வெட்டிப் பதிவு செய்தார்கள். தாக்க வந்த ஜெர்மன் இரவுப் போர்விமானத்தோடு நடந்த சண்டையும், குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அதில் பதிவாகியுள்ளன. அந்த இரவில் பெர்லினுக்குச் சென்ற 316 லங்காஸ்டர்களில் 22 திரும்பவில்லை. எந்த விமானம் விழும், எது மீளும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாத நிலையில், தட்டும் ஊசியுமாக அந்த உயரத்தில் உட்கார்ந்திருந்த மனிதரின் உழைப்பை ‘ஸ்டுடியோ வேலை’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் அந்த ஒரு பதிவு உண்மை என்பதால் மற்றவையும் உண்மையாகிவிடாது. அந்த ஆண்டிலேயே அதற்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு வானொலி வர்ணனைகளைப் பாருங்கள். ரிச்சர்டு டிம்பிள்பி 1943 ஜனவரி 16ஆம் தேதி இரவு கை கிப்சன் என்ற விமானி ஓட்டிய லங்காஸ்டரில் பெர்லினுக்குப் போய்வந்தார். அமெரிக்க வானொலி நிருபர் எட்வர்டு மர்ரோ டிசம்பர் 2ஆம் தேதி இரவு அதே நகருக்குப் போய்வந்தார்; அன்று வேறு விமானங்களில் சென்ற நிருபர்களில் நார்வே கவிஞர் நோர்டால் கிரீக் உள்ளிட்ட இருவர் உயிரிழந்தனர். டிம்பிள்பியும் மர்ரோவும் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் தரையிறங்கிய பிறகு மைக்கின் முன் அமர்ந்து சொன்னார்கள். நேரில் கண்டவரின் சாட்சியமாக அவற்றுக்குள்ள மதிப்பு பெரியது. விமானத்துக்குள் ஒலித்த சத்தத்துக்கு மட்டும் அவை சாட்சியமல்ல. பிற்காலத்தில் யாரோ இப்படிப்பட்ட வர்ணனைக்கு அடியில் இன்ஜின் இரைச்சலைச் சேர்த்துவிட்டால், கேட்பவருக்கு அது ‘விமானத்திலிருந்து வந்த நேரடிப் பதிவு’ ஆகிவிடுகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. சேர்த்தவர்கூட ஏமாற்ற நினைக்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் கைமாறிக் கைமாறி வரும்போது பொய் உருவாகிவிடுகிறது.

இன்னும் சிக்கலானவை திரைப்படங்கள். 1941இல் பிரிட்டிஷ் அரசின் படப்பிரிவு எடுத்த ‘டார்கெட் ஃபார் டுநைட்’ படத்தில் நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், பணியிலிருந்த விமானப்படையினர். அதில் விமானியாக வரும் பெர்சி பிக்கார்டு உண்மையான விமானி. 1944 பிப்ரவரியில் பிரான்ஸின் அமியான் நகரச் சிறை மீதான தாக்குதலில் கொல்லப்பட்டார். ஆனால் விமானத்துக்குள் நடக்கும் காட்சிகள் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை. அந்தப் படத்து வெலிங்டன் விமானத்தின் அழைப்புப் பெயர் ‘எஃப் ஃபார் ஃப்ரெடி’. பிபிசியினர் ஏறிய லங்காஸ்டரும் எஃப் எழுத்துக்குரியதுதான். அதையும் அதே பெயரில்தான் அழைத்தார்கள். விமானத்துக்கு ஓர் எழுத்து என்பதால் ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் ஓர் எஃப் இருந்திருக்கும். ஆக, ‘எஃப் ஃபார் ஃப்ரெடி’ என்ற குரல் கேட்கிறது, எனவே இது 1943ஆம் ஆண்டின் பெர்லின் பதிவுதான் என்று முடிவு கட்டினால், இரண்டாண்டு முந்திய படத்தின் வசனத்தைப் போர்க்களக் குரலாக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

அமெரிக்கத் தரப்பில் வில்லியம் வைலர் இயக்கி 1944இல் வெளிவந்த ‘மெம்ஃபிஸ் பெல்’ ஆவணப்படம் இதைவிட நுட்பமானது. பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஏறி உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த 16 மில்லிமீட்டர் வண்ணக் காட்சிகள் அதில் உண்டு. அந்த வேலையில் ஒலிப்பதிவாளரான ஹெரால்டு டானன்பாம் உயிரையே இழந்தார். ஆனால் அந்தக் கேமராக்கள் ஒலியைப் பதியவில்லை. படத்தில் குழுவினர் இன்டர்காமில் பேசிக்கொள்வதாகக் கேட்பது, அதே குழுவினர் அமெரிக்கா திரும்பிய பிறகு ஸ்டுடியோவில் பேசிக் கொடுத்தது. படம் உண்மை, குரலுக்குரியவர்கள் உண்மை, பேசிய வேளை மட்டும் உண்மையல்ல. இதை ‘அசல்’ என்பதா, ‘போலி’ என்பதா? இரண்டு பெட்டிகளில் எதில் போட்டாலும் பொருந்தாது. அதனால்தான் ‘இந்தப் பதிவு உண்மையா’ என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யாருடைய குரல், எப்போது பேசியது, அடியில் ஓடும் சத்தம் எங்கிருந்து வந்தது, நம் கைக்கு வந்திருப்பது எத்தனையாவது படி, இடையில் யார் எதை வெட்டினார்கள் அல்லது சேர்த்தார்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

அப்படிக் கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது, அந்த இடத்தில் இருந்த மைக்குக்கு எது எட்டியிருக்கும் என்பதை. இரவு வேளையில் சென்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் பகைவர் ஒட்டுக்கேட்காமலிருக்க வானொலி மௌனம் காத்தன. குழுவினர் பேசிக்கொண்டது விமானத்துக்குள் ஓடிய கம்பிவழி இன்டர்காமில். ஆகவே அந்தப் பேச்சைத் தரையிலிருந்து யாரும் பதிந்திருக்க முடியாது. பதிவுக் கருவி விமானத்திலேயே இருந்திருக்க வேண்டும். லங்காஸ்டரில் எழுவர். ஒவ்வொருவரின் முகத்திலும் ஆக்சிஜன் கவசம். அந்தக் கவசத்துக்குள்ளேயே மைக். அதன் மேல் ஒரு சிறு சுவிட்ச். பேச வேண்டியவர் சுவிட்சைத் தட்டிப் பேசிவிட்டு, உடனே அணைத்துவிட வேண்டும். ஒருவர் அணைக்க மறந்தாலும் அவர் பக்கத்து இரைச்சல் முழுவதும் மற்ற அறுவரின் காதுக்குள் கொட்டும் என்பதால் இதில் கண்டிப்பு இருந்தது.

இதன் விளைவு பதிவில் தெளிவாகத் தெரியும். குரல் வருவதற்கு ஒரு கணம் முன்னால், கதவைத் திறந்ததுபோல இரைச்சல் பாய்ந்து உள்ளே வரும். பேச்சு முடிந்ததும் அதேபோலச் சட்டென்று அடைபடும். ஒவ்வொருவர் இருக்கும் இடத்துக்கும் இரைச்சலின் நிறம் மாறும். விமானியின் இருக்கை சுழல்விசிறிகளை ஒட்டியிருக்கிறது. வால் துப்பாக்கிக்காரர் விமானத்தின் கடைக்கோடியில், காற்றின் ஓசைக்கு நடுவில் இருக்கிறார். ஸ்டுடியோவில் கலப்பவரோ இன்ஜின் சத்தத்தை ஒரு விரிப்பைப் போலச் சீராகக் கீழே விரித்து, குரல்களை அதன்மேல் வைப்பார். வர்ணனையாளர் ஒருவரின் மைக் தொடர்ந்து திறந்திருந்தால் உண்மைப் பதிவிலும் இரைச்சல் சீராகவே இருக்கும் என்ற விதிவிலக்கு உண்டு. ஆனால் தங்கள் கட்டுரை குறிப்பிட்ட ஒலித்துண்டில் வர்ணனையாளரே இல்லை. ஐந்து குரல்கள் மாறிமாறிப் பேசுகின்றன. அடியில் ஓடும் இரைச்சல் கூடவுமில்லை, குறையவுமில்லை. எனக்கு முதல் ஐயம் எழுந்தது அங்கேதான்.

இரண்டாவது ஐயம் அந்த இரைச்சலின் ஆழத்தில் எழுந்தது. அந்தக் கால இன்டர்காம் மைக் மனிதப் பேச்சு புரிவதற்காகச் செய்யப்பட்டது. மிகத் தாழ்ந்த ஒலிகளை அது ஏறக்குறைய விட்டுவிடும். அறையையே அதிரவைக்கும் கனத்த உறுமல் அதன் வழியாக வர வாய்ப்பில்லை. ஒலித்துண்டிலோ அந்த உறுமல்தான் ஓங்கி நிற்கிறது.

இன்ஜின் சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். பள்ளி மாணவரும் போடக்கூடியதுதான். லங்காஸ்டரின் மெர்லின் இன்ஜினில் 12 சிலிண்டர்கள். நான்கு வீச்சு இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும் என்பதால் ஒரு சுற்றுக்கு ஆறு சிலிண்டர்கள் வெடிக்கும். நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடுவதாக வைத்துக்கொண்டால், வினாடிக்கு 40 சுற்று, 240 வெடிப்பு. சுழல்விசிறி அதே வேகத்தில் சுற்றாது. பல்சக்கரம் அதை 0.42 மடங்காகக் குறைக்கிறது. ஆகவே விசிறி வினாடிக்கு 16.8 சுற்று, மூன்று இதழ்கள் என்பதால் வினாடிக்கு ஏறத்தாழ 50 வீச்சு. இன்ஜின் வேகம் ஏறினால் இந்த இரண்டு எண்களும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும், இறங்கினால் சேர்ந்தே இறங்க வேண்டும். மூலக்குரலான 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அதிர்வு) மைக்கில் விழாவிட்டாலும் அதன் மடங்குகள் மேலே தெரியும். பி-17இன் இன்ஜினுக்கு ஒன்பது சிலிண்டர். சுற்றுக்கு நாலரை வெடிப்பு. பல்சக்கர விகிதமும் வேறு. லங்காஸ்டர் என்று சொல்லப்படும் பதிவில் ஒன்பது சிலிண்டரின் கணக்கு தெரிந்தால், பேசுபவர் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அந்தச் சத்தம் வேறு விமானத்தினுடையதுதான். அதோடு, நான்கு இன்ஜின்களை ஒரே வேகத்தில் நிறுத்துவது கடினம். சிறு வேறுபாட்டால் சத்தம் அலைபோல ஏறி இறங்கித் துடிக்கும். அந்தத் துடிப்பு ஒருபோதும் அச்சில் வார்த்ததுபோல மீண்டும் மீண்டும் வராது. ஒலித்துண்டை நான் கணினியில் விரித்துப் பார்த்தபோது, துடிப்பும் அதன் நடுவே ஒரு சிறு சொடுக்கும் 14 வினாடிக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வருவதைக் கண்டேன். யாரோ 14 வினாடிச் சத்தத்தைத் துண்டாக எடுத்து, மாலைபோலக் கோத்து நான்கு நிமிடத்துக்கு நீட்டியிருக்கிறார்கள்.

மேலே வந்த 50 என்ற எண்ணில் ஒரு கண்ணி இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். பழைய பதிவில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டதும், ‘விமானத்தில் வீட்டு மின்சாரம் ஏது, இது ஸ்டுடியோவில் செய்தது’ என்று தீர்ப்பு எழுதிவிடுபவர்கள் உண்டு. லங்காஸ்டரின் மின்னோட்டம் 24 வோல்ட் நேர்மின்னோட்டம் என்பது சரியே. ஆனால் அந்த 50 ஹெர்ட்ஸ் சுழல்விசிறியின் வீச்சாக இருக்கலாம். அல்லது பின்னால் தட்டிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்தபோது நுழைந்த மின் ரீங்காரமாக இருக்கலாம். மின் ரீங்காரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். விசிறியின் ஒலி நகர்ந்துகொண்டே இருக்கும். தட்டின் சுழற்சி தடுமாறும் இடங்களில் குரலின் சுருதியோடு ரீங்காரமும் சேர்ந்து தடுமாறினால், அது குரலோடு சேர்ந்தே தட்டில் வெட்டப்பட்டது. குரல் தடுமாற, ரீங்காரம் மட்டும் நேர்க்கோடாக நின்றால், அது பிறகு வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு மூலப்பதிவைக் குறைகூற முடியாது. உண்மையைப் போலி என்று தள்ளுவதும், போலியை உண்மை என்று கொள்வதும் ஒரே அளவு தவறுதான் என்பதை இந்த ரீங்காரம் எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறது.

குண்டுகளின் ஓசைக்கு வருகிறேன். ஒலித்துண்டில் விமான எதிர்ப்புக் குண்டுகள் ‘டமார், டமார்’ என்று வரிசையாக வெடிக்கின்றன. நான்கு மெர்லின்களின் இரைச்சலுக்குள், காதுக்கு மேல் தோல் தொப்பியும் இயர்போனும் அணிந்திருந்தவர்களுக்கு, தொலைவில் வெடிப்பது ஒளியாகவும் புகையாகவும்தான் தெரிந்தது. மிக அருகில் வெடித்தால்தான் ஓசை கேட்கும். கேட்கிறது என்றால் விமானம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். நான்கு நிமிடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெருவெடிப்புகளைக் கேட்ட விமானம் பறந்துகொண்டிருக்கிறது, ஒருவரும் சேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது நம்பும்படியாக இல்லை. துப்பாக்கியும் அப்படியே. லங்காஸ்டரின் வால் கோபுரத்தில் நான்கு .303 பிரவுனிங் துப்பாக்கிகள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 1150 குண்டு, அதாவது வினாடிக்குப் பத்தொன்பது. அது துணியைக் கிழிப்பதுபோல ஒரே இழுப்பாகக் கேட்கும். ஒலித்துண்டில் ஒவ்வொரு குண்டையும் விரல்விட்டு எண்ண முடிகிறது.

சொற்களும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒலித்துண்டின் மூன்றாவது நிமிடத்தில் ஒரு குரல் தன் விமானத்தை ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்று அழைக்கிறது. வானொலியில் எழுத்து குழம்பாமலிருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லைச் சொல்வார்கள்; எஃப் எழுத்துக்கு ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்று சொல்லும் வரிசை போருக்குப் பிறகு, 1950களில்தான் நடைமுறைக்கு வந்தது. போரின் முற்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படையினர் ‘ஃப்ரெடி’ என்றார்கள். அமெரிக்கரோடு பொதுவாக்கிக்கொண்ட வரிசையில் அது ‘ஃபாக்ஸ்’. விதி மாறிய பிறகும் பழகிய வாய் பழையதையே சொல்லும் என்பதால், 1943இல் ‘ஃப்ரெடி’ என்று வந்தால் அதைக் குற்றமாகப் பிடிக்கக் கூடாது. பழையது பின்னாலும் நீடிக்கலாம். பிறக்காத சொல் முன்னால் வந்துவிட முடியாது. அதுபோலவே, குண்டு குறிபார்ப்பவர் என்ற தனிப் பதவி பிரிட்டிஷ் விமானப்படையில் 1942இல்தான் ஏற்பட்டது. ராடாரைக் குழப்பும் உலோகத் தாள்கீற்றுகள் முதன்முதலாக வீசப்பட்டது 1943 ஜூலை 24ஆம் தேதி இரவு ஹாம்பர்க் தாக்குதலில். 1941ஆம் ஆண்டுப் பதிவில் இவற்றைப் பற்றிய பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

குரலின் நிதானத்தைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். லெட்ஃபோர்டின் நிதானம் அந்தப் பதிவைக் கேட்ட எவருக்கும் மறக்காது. ஆயினும் நிதானத்தைச் சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை. நல்ல நடிகரால் நிதானமாகப் பேச முடியும். உண்மையான விமானியும் ஒரு கணம் அலறியிருக்கலாம். மனித மனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் நமக்குத் தெரிந்தது குறைவு. மைக்கும் ஊசியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் தெரிந்தது அதிகம்.

ஒலித்துண்டோடு வந்த குறிப்பில் ‘மூல ஒலிநாடாவிலிருந்து’ என்று எழுதியிருந்ததாகக் கட்டுரை கூறுகிறது. காந்த ஒலிநாடாவை ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் 1935இலேயே காட்சிக்கு வைத்தது உண்மைதான். ஆனால் போர் முடியும்வரை அது ஜெர்மன் தரப்பின் கருவியாகவே இருந்தது. கைப்பற்றிக் கொண்டுவந்த பிறகே மேற்கு நாடுகளில் பரவியது. பிரிட்டிஷ் தரப்பில் வானொலிக்காரர்கள் வெளியே எடுத்துச் சென்று கையாண்டது தட்டு. பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் அரக்கு பூசியது. போர்க்காலத்தில் அலுமினியம் விமானங்களுக்குத் தேவைப்பட்டதால் அமெரிக்காவில் கண்ணாடித் தட்டின் மேல் பூசினார்கள். பக்கத்துக்குச் சில நிமிடங்களே ஓடும். 1944இல் நார்மண்டிப் படையிறக்கத்தின்போது பிபிசி நிருபர்கள் தூக்கிச் சென்ற சிறிய கருவிக்கும் சுமார் 18 கிலோ எடை. அதிலும் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கீழேதான். ஆகவே விமானத்தில் எடுத்த உண்மைப் பதிவில் இடைவெளிகள் இருந்தே தீரும். தட்டு முடிந்தது, அடுத்ததை மாற்றுவதற்குள் ஏதோ ஒன்று நடந்து போய்விட்டது, அது நமக்கு என்றைக்கும் கிடைக்காது. பல மணிநேரப் பயணத்தில் சண்டையும் குண்டு வீசும் கணமும் விமானம் துள்ளுவதும் தடையின்றி அடுத்தடுத்து வரும் பதிவு, ஒன்று பல துண்டுகளை ஒட்டியதாக இருக்கும், அல்லது எழுதி நடித்ததாக இருக்கும்.

இங்கே என் கையால் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்துக்குப் போர்க்கால ஒலித்தட்டுகள் சில வந்தன. ‘கேட்க இனிமையாக்கிக் கொடுங்கள்’ என்பது எனக்கு இடப்பட்ட பணி. தட்டு மாறும் இடங்களில் இருந்த சரசரப்பை நீக்கினேன். ஊசி இறங்கும் ‘டக்’ ஒலியை வெட்டினேன். இரண்டு தட்டுகளுக்கு நடுவிலிருந்த வேறுபாடு தெரியாதபடி இரைச்சலைச் சமன் செய்து ஒட்டினேன். எல்லாரும் பாராட்டினார்கள். பின்னர் ஒருநாள் அந்தப் படியை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆய்வாளர் வந்து, எந்த இடத்தில் தட்டு மாறுகிறது, நடுவே எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. நான் எதையும் குறித்து வைக்கவில்லை. தட்டுகளின் அரக்கும் அதற்குள் பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்திருந்தது. நான் குப்பை என்று நீக்கியதெல்லாம் அந்தப் பதிவின் பிறப்புச் சான்றிதழாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து, கழுவித் துடைத்த படியை வைத்துக்கொண்டு உண்மை பொய் பேசுவதை விட்டுவிட்டேன். இன்று தானியங்கி மென்பொருள்கள் ஒரு நொடியில் இரைச்சலை எடுத்துவிடுகின்றன; தேய்ந்த எழுத்தொலிகளை ஊகித்துப் புதிதாக நிரப்பியும் விடுகின்றன. உண்மையான பழைய குரலே அதன் பிறகு செயற்கைக் குரல்போலக் கேட்கும்.

காதால் மட்டும் முடிவு செய்யாமல் ஏட்டையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனும் நாள்தோறும் எழுதி வைத்த செயற்பாட்டுப் பதிவேடு இங்கிலாந்தின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எந்த விமானம், யார் யார் ஏறினார்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எப்போது இறங்கியது என்பதெல்லாம் அதில் உண்டு. ஏடும் ஒலியும் எப்படி ஒன்றையொன்று தாங்கும் என்பதற்கு, விமானத்துக்கு வெளியே எடுத்த ஒரு பதிவை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1942 மே 19ஆம் தேதி இரவு, சரே மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நைட்டிங்கேல் பறவையின் பாட்டை நேரலையாக ஒலிபரப்ப பிபிசி ஏற்பாடு செய்திருந்தது. பறவை பாடிக்கொண்டிருக்கையில் குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சல் நெருங்கி வந்தது. அதை ஒலிபரப்பினால் பகைவருக்கு முன்னெச்சரிக்கையாகிவிடும் என்று உணர்ந்த பொறியாளர் ஒலிபரப்பைத் துண்டித்தார். பதிவு மட்டும் தொடர்ந்தது. அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகருக்குச் சென்றவை 197 விமானங்கள் என்றும், அவற்றில் 11 திரும்பவில்லை என்றும் விமானப்படையின் ஏடுகள் சொல்கின்றன. இடம், நாள், திசை, இரைச்சல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவதால்தான் அந்தப் பதிவின் மேல் யாரும் கை வைக்க முடிவதில்லை. தங்கள் கட்டுரை சொல்லும் ஒலித்துண்டுக்கோ நாள் இல்லை, ஸ்குவாட்ரன் எண் இல்லை, ஒரு பெயரும் இல்லை.

ஆக, அந்த ஒலித்துண்டைப் பற்றி என் முடிவு இது. இன்ஜின் சத்தம் பிற்காலத்தது, துண்டாகக் கோக்கப்பட்டது. வெடிப்புகளும் துப்பாக்கியும் சேர்க்கப்பட்டவை. ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்று சொல்லும் குரல் போருக்குப் பிந்தையது. ஆனால் மற்ற குரல்களில் இரண்டை நான் தனியாக வைத்திருக்கிறேன். அவை பேசும்போது மட்டும் பழைய தட்டின் கீறல் ஒலி மெல்லியதாகக் கேட்கிறது. பேச்சு நின்றதும் கீறலும் நின்றுவிடுகிறது. ஒரே தட்டிலிருந்து முழுவதும் வந்திருந்தால் கீறல் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். எனவே யாரோ ஓர் உண்மையான பழைய தட்டிலிருந்து அந்த இரண்டு குரல்களையும் வெட்டி எடுத்து இதில் வைத்திருக்கிறார்கள். அது திரைப்படமாக இருக்கலாம், வானொலி நாடகமாக இருக்கலாம். உண்மையிலேயே விமானத்தில் பேசியவர்களாகவும் இருக்கலாம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் போரில் மாண்டார்கள். அவர்கள் குண்டு வீசிய நகரங்களில் மாண்டவர்களின் குரல் எதுவும் இந்தத் தட்டுகளில் இல்லை. இருக்கும் சில குரல்களையாவது யாருடையவை, எப்போது பேசியவை என்று சரியாகச் சொல்லி வைப்பது நம்மால் ஆகக்கூடிய காரியம்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டுதான். கட்டுரையாளருக்கு ஒலித்துண்டை அனுப்பியவர் அதை எங்கிருந்து பெற்றார், அவருக்கு முன் யாரிடம் இருந்தது என்பதைக் கேட்டு வெளியிடுங்கள். அதைவிட முந்திய, துடைக்காத, இரைச்சலும் கீறலும் நிறைந்த படி எவரிடமாவது இருந்தால், அதை ஒன்றும் செய்யாமல் அப்படியே தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த இரண்டு குரல்களும் முழுதாக எந்தத் தட்டில் இருக்கின்றன என்று தேடிப் பார்க்க நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தங்கள் நெடுநாள் வாசகர்